40 விண்ணப்பங்களும் ஒரு விளம்பரமும்

வணக்கங்க.

போன வாரம் நேரில் பேசியதை எழுத்தில் கேட்டீர்கள். உங்கள் மகளும் படிக்கட்டும் என்றீர்கள். அதனால் இருவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

மகள் காஸ்ட்யூம் டிசைன் கடைசி வருடம். வேலைக்குப் போகாமல் வீட்டிலிருந்தே ஃப்ரீலான்ஸ், அதாவது ஆன்லைன் தளங்களில் தனித்தனி வேலையாகப் பிடித்துச் செய்கிறேன் என்கிறாள். மூன்று மாதத்தில் அந்தத் தளங்களில் 40 விளம்பரங்களுக்கு விண்ணப்பித்தும் ஒருவர்கூடத் திரும்பிக் கூப்பிடவில்லை. நீங்களோ திருப்பூரில் சின்னதாகப் பனியன் கம்பெனி நடத்துகிறீர்கள். கேட்டலாக் படங்களைத் திருத்த அதே மாதிரி ஒரு தளத்தில் ஆள் கேட்டு, ஒரே நாளில் 60 பேர் வந்து, ரேட் குறைந்தவரைப் பிடித்தீர்கள். பாதி வேலையில் அவர் காணாமல் போனார். "எல்லாம் ஏமாத்துங்க, அவளை அதுல விடச் சொல்றீங்களா?" என்று கேட்டீர்கள்.

அவளுக்குப் பதில் வராததற்கும் உங்களுக்கு நல்ல ஆள் அமையாததற்கும் காரணம் ஒன்றுதான் என்று நினைக்கிறேன்: இரண்டு பேருமே விவரம் இல்லாமல் எழுதுகிறீர்கள். நீங்கள் போட்ட விளம்பரத்தைப் போனில் காட்டினீர்களே: "கேட்டலாக் படங்கள் எடிட் செய்ய நல்ல டிசைனர் தேவை. அவசரம். சம்பளம் பேசிக்கொள்ளலாம்." கூலிக்குத் தைத்துத் தரும் ஒரு ஜாப் ஒர்க் யூனிட்டுக்கு இப்படி ஆர்டர் கொடுப்பீர்களா? துணி என்ன, எத்தனை ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம்), எந்த சைஸ் எத்தனை பீஸ், பீஸ் ரேட் என்ன, டெலிவரி என்றைக்கு என்று பேசாமல் ஒரு கட்டு துணியை அனுப்புவீர்களா? சாம்பிள் பார்த்து ஓகே சொன்ன பிறகுதானே கட்டிங்கே போடுவீர்கள். அந்தப் புத்தி முழுக்க உங்களிடம் இருக்கிறது. ஆன்லைன் என்றதும் அதை ஓரமாக வைத்துவிட்டீர்கள்.

இப்படி மாற்றிப் பாருங்கள்: "ஆண்கள் டி-ஷர்ட் படங்கள் 120. பின்னணி வெள்ளையாக வேண்டும், துணியின் நிறம் மாறக் கூடாது. திருத்துவதற்கு முன்பும் பின்பும் எப்படி இருக்க வேண்டும் என்று 2 படங்கள் இணைத்திருக்கிறேன். முதலில் 3 படங்களுக்குக் காசு கொடுத்து சாம்பிள் வாங்குவேன். படத்துக்கு இவ்வளவு ரூபாய், திருத்தம் 2 முறை, 10 நாளில் முடிய வேண்டும்." இதற்கு 60 பேர் வர மாட்டார்கள். பத்துப் பேர் வந்தாலும் படித்துவிட்டு வருவார்கள். சாம்பிளுக்குக் காசு கொடுக்கிறீர்கள் பாருங்கள், அதுவே நீங்கள் எப்படிப்பட்டவர் என்று அவர்களுக்குச் சொல்லிவிடும்.

சரி, அம்மா, இனி உனக்கு. நீ அனுப்பியதில் ஏழெட்டு விண்ணப்பங்களைப் படித்தேன். எல்லாவற்றிலும் "நான் கடினமாக உழைப்பவள், வேகமாகக் கற்றுக்கொள்வேன், ஒரு வாய்ப்புக் கொடுங்கள்" என்றே ஆரம்பிக்கிறாய். விளம்பரம் போட்டவருக்கு உன் குணம் இப்போது தேவையில்லை, அவருடைய டி-ஷர்ட் சரியாக வர வேண்டும். அதில் ஒரு விளம்பரம் எனக்கு மறக்கவில்லை. புதிதாகத் துணி பிராண்ட் தொடங்கும் ஒருவர், ஒரு ஹூடிக்கு டெக் பேக் வரைந்து தரக் கேட்டிருந்தார். அளவு, தையல், துணி விவரம் எல்லாம் அடங்கி, தொழிற்சாலைக்குப் போகும் தாள்தான் டெக் பேக். நீ பிறந்து வளர்ந்த வீட்டுத் தொழில்! ஆனால் நீ அதே பழைய நான்கு வரியைத்தான் அனுப்பியிருக்கிறாய்.

அதற்குப் பதில் இப்படி எழுதியிருக்கலாம்: "நீங்கள் துணி எடையைக் குறிப்பிடவில்லை. குளிர்காலத்துக்கு என்றால் 320 ஜிஎஸ்எம் ஃப்ளீஸ் வைத்து வரையட்டுமா? கைமுனைக்கும் இடுப்புக்கும் லைக்ரா கலந்த ரிப் போட்டால் துவைத்த பிறகும் தொளதொளக்காது. எங்கள் வீட்டிலேயே பனியன் கம்பெனி இருப்பதால், வரைந்ததைத் தைக்கிறவர்களிடம் காட்டிச் சரிபார்த்துத் தருவேன்." இவ்வளவு போதும். கூடவே நீ வரைந்த ஒரு டெக் பேக்கை இணைத்துவிடு. கல்லூரி ப்ராஜெக்ட் ஆனாலும் பரவாயில்லை. இனி வாரத்துக்கு நான்கு விண்ணப்பம் அனுப்பினால் போதும், ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்கு.

விண்ணப்பிக்கும் முன் விளம்பரம் போட்டவரையும் பார்க்க வேண்டும். அப்வொர்க் என்ற ஃப்ரீலான்ஸ் தளத்தில் அவருடைய பணம் செலுத்தும் வழி சரிபார்க்கப்பட்டதா, இதுவரை எவ்வளவு செலவழித்திருக்கிறார், போட்ட விளம்பரங்களில் எத்தனைக்கு ஆள் எடுத்தார் என்பதெல்லாம் தெரியும். பழைய ஆட்கள் அவரைப் பற்றி எழுதியதையும் படி. 30 விளம்பரம் போட்டு இரண்டு பேரை மட்டும் எடுத்தவருக்கு உன் ஒரு மணி நேரத்தைக் கொடுக்காதே.

உன் சம்பளத்தில் தளங்கள் பிடிக்கும் கமிஷன் கணக்கை அப்பாவோடு உட்கார்ந்து போடு. ஃபைவர் தளத்தில் 20 சதவீதம் பிடிப்பார்கள். 50 டாலர் வேலைக்குக் கையில் 40. அப்வொர்க்கில் 2023 முதல் எல்லாருக்கும் 10 சதவீதம் என்று இருந்தது, 2025-ல் அதை வேலைக்கு வேலை மாறும்படி ஆக்கினார்கள். அதோடு அங்கே விண்ணப்பிக்கவே 'கனெக்ட்' என்ற டோக்கன் வேண்டும், ஒன்று 15 சென்ட், ஒரு விண்ணப்பத்துக்குப் பல கனெக்ட் போகும். ஃப்ரீலான்சர் டாட் காம் தளத்தில் நிலையான தொகை வேலைக்கு 10 சதவீதம் அல்லது 5 டாலர், எது அதிகமோ அது. 10 டாலர் வேலையை ஒப்புக்கொண்டால் பாதி போச்சு. ஆகவே சின்ன வேலை, மலிவு ரேட் என்று தொடங்குவது உனக்குக் கட்டாது.

உங்கள் பயத்துக்கு வருகிறேன், ஐயா. அது நியாயமான பயம். என்னிடம் வந்த ஒரு மாணவன் டேட்டா என்ட்ரி வேலை என்று நம்பி ராத்திரி பகலாக டைப் செய்தான். கடைசியில் "தவறு அதிகம், ஒப்பந்தத்தை மீறிவிட்டாய்" என்று வக்கீல் நோட்டீஸ் மாதிரி ஒன்று வாட்ஸாப்பில் வந்தது. அபராதம் கட்டு, இல்லையென்றால் கோர்ட் என்றார்கள். பையன் இரண்டு நாள் சாப்பிடவில்லை. அம்மாவின் கம்மலை அடகு வைக்கப் போகும்போதுதான் விஷயம் என் காதுக்கு வந்தது. ஒரு பைசா கட்ட விடவில்லை. சைபர் குற்றத்துக்கான 1930 எண்ணில் புகார் கொடுத்தோம், மிரட்டல் நின்றது.

அதனால் வீட்டில் ஒரு சட்டம் போடுங்கள். வேலை கொடுக்கிறவருக்கு நாம் பணம் கட்டுவது என்ற பேச்சே கூடாது. பதிவுக் கட்டணம், டெபாசிட், எந்தப் பெயரில் கேட்டாலும் சரி. தளத்தில் பிடித்த வேலைக்குப் பணமும் தளம் வழியாகவே வரட்டும். அப்வொர்க்கில் நிலையான தொகை வேலை என்றால் வேலை கொடுப்பவர் முதலில் பணத்தைத் தளத்திடம் ஒப்படைக்க வேண்டும். அது வந்துவிட்டது என்று பார்த்த பிறகுதான் நீ பேனாவை எடுக்கணும். முடித்துக் கொடுத்து 14 நாள் அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் பணம் தானாக உன் பக்கம் வந்துவிடும். அப்புறம், உன் கணக்கை யாராவது மாத வாடகைக்குக் கேட்டால் கொடுக்கவே கூடாது. அவர்கள் செய்யும் தப்பு உன் பெயரில் வந்து விழும்.

இதையெல்லாம் தளங்களே செய்ய வேண்டாமா என்று கேட்டீர்கள். கட்டாயம் செய்ய வேண்டும். எண்ணிக்கை, மாதிரி, ரேட், திருத்தம் எத்தனை முறை என்பதை நிரப்பாமல் விளம்பரமே ஏறக் கூடாது என்று வைத்தால் பாதிச் சண்டை தீரும். ஒரு விளம்பரத்துக்கு இத்தனை விண்ணப்பம்தான் என்று வரம்பு வைத்தால் நல்லவர்கள் கூட்டத்தில் காணாமல் போக மாட்டார்கள். ஆனால் விண்ணப்பத்துக்கே காசு வாங்கும் தளத்துக்கு விண்ணப்பம் குறைந்தால் வருமானமும் குறையும். அதனால் அந்த மாற்றம் சீக்கிரம் வரும் என்று நான் உங்களுக்கு நம்பிக்கை கொடுக்க மாட்டேன். ஆள் எடுக்காமல் மாதக்கணக்கில் கிடக்கும் விளம்பரங்களை மூடிவிடுவதாவது அவர்களால் உடனே முடிகிற காரியம். ஒவ்வொரு தளத்திலும் கருத்துச் சொல்ல இடம் இருக்கிறது, நான் எழுதுகிறேன். நீங்கள் வேலை கொடுக்கிறவர், உங்கள் சொல்லுக்கு எடை அதிகம். நீங்களும் எழுதுங்கள்.

மகள் படிப்பை முடிக்கட்டும். முடித்த பிறகு ஆறு மாதம் கொடுங்கள். அதற்குள் மூன்று பேர் இரண்டாவது முறையாக அவளிடமே வேலை கொடுத்தால் தொடரட்டும். இல்லையென்றால் வெளிநாட்டு பிராண்டுகளுக்காக இங்கே துணி வாங்கிக் கொடுக்கும் ஏதாவது ஒரு பையிங் ஆபீசில், ஆர்டரைத் தொடக்கம் முதல் டெலிவரி வரை கவனிக்கும் மெர்ச்சண்டைசராகச் சேரட்டும். அங்கே கற்றுக்கொள்வது பின்னால் ஃப்ரீலான்சுக்கும் உதவும்.

இந்த ஞாயிறு உங்கள் கேட்டலாக் விளம்பரத்தை அவளையே எழுதச் சொல்லுங்கள். வருகிற விண்ணப்பங்களையும் அவளே படித்து மூன்று பேரைத் தேர்ந்தெடுக்கட்டும். ஏன் அந்த மூன்று பேர், மற்றவர்களை ஏன் தள்ளினாள் என்று ஒரு தாளில் குறித்து எடுத்துக்கொண்டு அடுத்த முறை இரண்டு பேரும் வாருங்கள்.