2147483647 பகா எண்தானா? போர்டிலேயே காட்ட முடியுமா?

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். 2147483647 ஒரு பகா எண் என்று எங்கோ படித்துவிட்டு வந்த மாணவன், "கம்ப்யூட்டர் இல்லாமல் எப்படி மிஸ் கண்டுபிடிச்சாங்க?" என்று கேட்டான். என்ன சொல்லட்டும்?

பதில்: அருமையான கேள்வி, அவனை விட்டுவிடாதீர்கள். அது பகா எண்தான். 1772 வாக்கிலேயே கணித மேதை ஆய்லர் இதைக் கையால் கணக்குப் போட்டு நிறுவிவிட்டார்.

வர்க்கமூலம் வரை வகுத்துப் பார்த்தால் போதும் என்பது பிள்ளைகளுக்கே தெரியும். இந்த எண்ணுக்கு அது 46,340 சொச்சம். ஆனால் அதற்குள் 4,700-க்கும் மேற்பட்ட பகா எண்கள் இருக்கின்றன. அத்தனையாலும் யார் வகுப்பது? 'எந்த எண்ணுக்கு இதை வகுக்கும் தகுதியே இருக்கிறது?' என்று முதலில் பார்க்க வேண்டும்.

நம் எண் 2³¹ − 1. அதை p என்ற பகா எண் வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2-இன் அடுக்குகளை p-ஆல் வகுத்து மீதிகளை வரிசையாக எழுதினால், 31 அடுக்குக்கு ஒருமுறைதான் மீதி 1 வரும். 31 பகா எண் என்பதால் நடுவில் வராது. ஃபெர்மாவின் சிறு தேற்றப்படி (p − 1)-ஆவது அடுக்கிலும் மீதி 1. அப்படியானால் p − 1 என்பது 31-இன் மடங்காக இருந்தே தீர வேண்டும். அதோடு, p-யை 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வர வேண்டும். இதன் நிரூபணம் கல்லூரிப் பாடம், இப்போதைக்குச் சொல்லிவிட்டுப் போங்கள். இரண்டையும் சேர்த்தால், 31 × 8 = 248-ஆல் வகுக்க மீதி 1 அல்லது 63 வரும் எண்கள்தான் மிஞ்சும். 46,340-க்குள் அப்படி மொத்தமே 370 சொச்சம். அதிலும் பகு எண்களை அடித்துவிடலாம்.

போர்டுக்கு 2¹³ − 1 = 8191 போதும். வர்க்கமூலம் 90 சொச்சம். 13-ஆல் வகுக்க மீதி 1 வரும் ஒற்றைப்படை எண்கள் 27, 53, 79 மட்டுமே. 27 பகா எண் இல்லை. 53-ஐ 8-ஆல் வகுத்தால் மீதி 5, அதுவும் போச்சு. மிச்சம் 79. வகுத்தால் ஈவு 103, மீதி 54. அவ்வளவுதான், ஒரே ஒரு வகுத்தலில் 8191 பகா எண் என்று நிரூபித்தாயிற்று! அப்புறம் 2¹¹ − 1 = 2047-ஐக் கொடுங்கள். அடுக்கு 11 பகா எண், அதனால் இதுவும் பகா எண் என்று பாதி வகுப்பு சொல்லும். இதே வழியில் போனால் முதல் எண்ணே 23; 23 × 89 = 2047.

ஒரு எச்சரிக்கை: இந்த வழி 2-இன் அடுக்கில் 1 குறைந்த எண்களுக்கு மட்டும்தான்; அந்த அடுக்கும் ஒற்றைப்படைப் பகா எண்ணாக இருக்க வேண்டும். யாராவது செல்போன் நம்பரை எழுதிக் கேட்டால் செல்லாது.

பெரிய எண்ணையே தொட்டுப் பார்க்க ஆசைப்பட்டால், கடைகளில் வைத்திருக்கும் 12 இலக்கக் கால்குலேட்டரை எடுக்கச் சொல்லுங்கள்; 8 இலக்கக் கால்குலேட்டரில் எண்ணே ஏறாது. புள்ளிக்குப் பின்னால் வருவதை வைத்து முடிவு கட்ட விடாதீர்கள். ஈவின் முழு எண்ணை மட்டும் எடுத்து, வகுத்த எண்ணால் பெருக்கிக் கழித்து, மீதியை நோட்டில் எழுத வையுங்கள்.