தோற்றாலும் துதிப்போமா?

கேள்வி: அமெரிக்காவில் அலெக்ஸ் கெண்ட்ரிக் என்ற போதகர் தானே நடித்து, இயக்கி, கிறிஸ்தவப் படங்களாக எடுத்துச் சம்பாதிக்கிறாராம். நடிக்கத் தெரியாத சபை ஆட்களை வைத்துக்கொண்டு பக்தியை விற்பதுதானே இது?
- ஒரு வாசகர், பாளையங்கோட்டை

பதில்: அப்படிச் சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஜார்ஜியா மாநிலம் ஆல்பனி நகரில், ஷெர்வுட் பாப்டிஸ்ட் சபையின் உதவிப் போதகராக இருந்தபோது 2003-ல் அவர் எடுத்த முதல் படம் 'ஃபிளைவீல்'. செலவு 20,000 டாலர். பழைய கார் விற்று ஊரை ஏமாற்றும் நாயகனும் அவரே. கூட நடித்தவர்களும் வேலை பார்த்தவர்களும் பெரும்பாலும் சபை மக்கள், சம்பளம் வாங்காதவர்கள். 5 லட்சம் டாலரில் எடுத்த 'ஃபயர்புரூஃப்' (2008) 3.3 கோடி டாலர் வசூலித்ததெல்லாம் அப்புறம் நடந்தது. அந்தப் படத்தின் நாயகன் கர்க் கேமரன் பெயர்பெற்ற டிவி நடிகர். அவரும் தனக்கென்று சம்பளம் வாங்கவில்லை.

நடிக்கத் தெரியாதவர்கள் என்றால், 'ஃபேசிங் த ஜயன்ட்ஸ்' (2006) பாருங்கள். கண்ணைக் கட்டிய ஒரு பையன், சக ஆட்டக்காரனை முதுகில் சுமந்து, கைகாலால் ஊர்ந்தே அமெரிக்கக் கால்பந்து மைதானம் முழுவதையும் கடக்கிறான். பக்கத்தில் தவழ்ந்தபடி கத்திக்கொண்டே வரும் பயிற்சியாளர் கெண்ட்ரிக். தேர்ந்த நடிகர்கள் பலருக்குக் கிடைக்காத காட்சி அது.

என் சண்டை வேறு. ஜெயித்தாலும் துதிப்போம், தோற்றாலும் துதிப்போம் என்கிறார் அந்தப் பயிற்சியாளர். சரி, தோற்கிறார்களா? ஒரு முக்கியமான ஆட்டத்தில் தோற்கிறார்கள். உடனே எதிரணியில் வயது மீறியவர்கள் ஆடினார்கள் என்று சொல்லி, கதை அந்தத் தோல்வியையும் அழித்துவிடுகிறது. கோப்பை வருகிறது, ஓட்டைக் காருக்குப் பதில் புது வண்டி வருகிறது. குழந்தைக்கு ஏங்கும் மனைவி, பரிசோதனையில் இல்லை என்று தெரிந்த பிறகும் கர்த்தரை நேசிப்பதாகச் சொல்கிறாள். படத்திலேயே உண்மையான கணம் அதுதான். அதையும் விட்டுவைக்கவில்லை, முடிவு மாறிப்போனது, நீங்கள் கர்ப்பம் என்று நர்ஸ் ஓடி வருகிறாள்! வருடக்கணக்காக ஜெபித்தும் பிள்ளையில்லாத தம்பதி எந்தச் சபையிலும் உண்டு. அவர்களிடம் இந்தப் படம் என்ன சொல்கிறது? உங்கள் விசுவாசம் போதாது என்றுதானே? எனக்கு ஆறவே இல்லை.

'வார் ரூம்' (2015) படத்திலும் அதே கதைதான். மனைவி ஜெபிக்கிறாள், இன்னொருத்தியோடு சாப்பிடப் போன கணவனுக்குச் சரியான நேரத்தில் வயிறு புரட்டுகிறது.

ஆனால் 'ஃபயர்புரூஃப்' எடுத்தவரும் இதே கெண்ட்ரிக்தான். விவாகரத்தின் விளிம்பில் நிற்கும் தீயணைப்பு வீரன், 40 நாள் மனைவியிடம் அன்பாக நடக்க முயல்கிறான். அவள் நம்பவில்லை, ஒதுக்கித் தள்ளுகிறாள். படகு வாங்கச் சேர்த்த பணத்தை மாமியாரின் மருத்துவக் கட்டிலுக்குச் சொல்லாமல் கொடுக்கிறான். அந்த நன்றியும் வேறொருவனுக்குப் போகிறது. கடைசியில் சேர்ந்துவிடுகிறார்கள் என்றாலும், பலன் வராத அந்த நாட்களைப் படம் அவசரமில்லாமல் காட்டுகிறது. அதைப் பார்த்துவிட்டு, பக்தியை விற்கிறார் என்று அப்போதும் தோன்றினால் எழுதுங்கள்.