பன்றிக்கறி தொடாதவருக்கும் மூளையில் நாடாப்புழு வருமா?

கேள்வி: எங்கள் ஊரில் நிறைய வீடுகளில் பன்றியை அவிழ்த்துவிட்டு வளர்க்கிறார்கள். வெட்டும்போது சில கறியில் அரிசி மாதிரி வெள்ளையாக இருக்கும். இரண்டு மூன்று பேருக்கு வலிப்பு இருக்கிறது. பன்றிக்கறியே சாப்பிடாத என் தங்கைக்கும் வலிப்பு வந்து, மூளையில் நாடாப்புழுக் கட்டி என்று ஸ்கேனில் சொன்னார்கள். இது எப்படி? பன்றிகளை ஒழித்துவிட்டால் தீருமா?

பதில்: வரும். தங்கை சொல்வதும் உண்மை, ஸ்கேனும் உண்மை. கறியில் நீங்கள் பார்த்தது புழுவின் இளம்பருவம், நீர் நிறைந்த சின்னப் பை. அரைவேக்காட்டில் அதைச் சாப்பிட்டால் குடலில் ஒட்டிக்கொண்டு சில மீட்டர் நீளத்துக்கு வளரும், அவ்வளவுதான், அங்கிருந்து மூளைக்கு ஏறாது. அந்த ஆளுக்குப் பெரும்பாலும் ஒரு தொந்தரவும் இருக்காது, மலத்தோடு தட்டையான வெள்ளைத் துண்டுகள் போவதைக்கூடக் கவனிக்காமல் வருடக்கணக்கில் நடமாடுவார். ஒவ்வொரு துண்டிலும் ஆயிரக்கணக்கில் முட்டைகள். அவர் கையை ஒழுங்காகக் கழுவாமல் சமைத்தாலோ பரிமாறினாலோ, முட்டை அடுத்தவர் வாய்க்குப் போய், குடலில் பொரிந்து, வெளிவரும் குஞ்சுப்புழு ரத்தத்தில் கலந்து, மூளையில் தங்கிக் கட்டியாகிறது. அதனால் முதலில் உங்கள் வீட்டிலும் பக்கத்து வீடுகளிலும் எல்லோருக்கும் மலப் பரிசோதனை செய்யுங்கள். ஒரே தடவை பார்த்துவிட்டு இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம், நுண்ணோக்கியில் அடிக்கடி தப்பிவிடும்.

பன்றிக்கும் இது மனித மலத்தைத் தின்றுதான் வருகிறது. பாவம், பழி மட்டும் அதன் மேல். ஒழிப்பது நடக்கிற காரியமும் இல்லை, பல வீடுகளுக்கு அதுதான் சேமிப்பு. நாக்கின் அடியில் முடிச்சு தட்டுப்பட்டால் வளர்ப்பவருக்கே தெரிந்துவிடும், அதிகாரி பார்த்தால் நஷ்டஈடு இல்லாமல் அழித்துவிடுவார் என்று பயந்து இரவோடு இரவாக மலிவாக விற்றுவிடுவார், அந்தக் கறி இன்னொரு ஊர்ச் சட்டிக்குப் போகும். மிரட்டுவதைவிட மருந்து கொடுப்பது மேல் என்று நான் சொல்வது இதனால்தான். ஆக்ஸ்ஃபெண்டசோல், கிலோ எடைக்கு 30 மில்லிகிராம், ஒரே வேளை கொடுத்தால் பன்றியின் சதையில் உள்ள கட்டிகள் சாகும், ஆனால் அதற்கப்புறம் எத்தனை வாரம் வெட்டக்கூடாது என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தொற்று வராமல் தடுக்கத் தடுப்பூசியும் இருக்கிறது.

மனிதர், பன்றி இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் மருந்து போனால்தான் பலன். பெரு நாட்டின் தும்பெஸ் பகுதியில் இப்படித்தான் செய்தார்கள், பன்றிக்குத் தடுப்பூசியும் போட்டார்கள். 107 கிராமங்களில் 105-இல் பரவல் நின்றது, 2016-இல் முடிவுகள் வெளியாயின. கழிப்பறை கட்டுவது அவசியம்தான், ஆனால் கட்டிவிட்டுக் கதவைத் திறந்துபோட்டால் பன்றி உள்ளே வரும். பட்டியில் அடைத்துத் தீனி போட்டால் பாதிக் கவலை விட்டது. கறியைத் தடிமனான இடத்தில் அறுத்துப் பாருங்கள், உள்ளே சிவப்பு தெரிந்தால் இன்னும் வேகவேண்டும். உப்புப் போட்டதையோ புகையில் காயவைத்ததையோ நம்பாதீர்கள்.

குடலில் புழு இருப்பவருக்கு நிக்ளோசமைட் அல்லது பிரசிகுவான்டெல், ஒரே வேளை போதும். ஆனால் கடையில் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். பிரசிகுவான்டெல் மூளை வரை போகும், அங்கே தெரியாமல் கட்டி இருந்தால் வலிப்பைக் கிளப்பிவிடலாம். நிக்ளோசமைட் குடலோடு நின்றுவிடும். பள்ளியில் கொடுக்கும் ஒற்றை அல்பெண்டசோல் மாத்திரையை இதற்கு நம்ப முடியாது.

தங்கைக்குப் புழு மருந்து வேண்டுமா என்பது கட்டி உயிரோடு இருக்கிறதா, சுருங்கிச் சுண்ணாம்பாகிவிட்டதா என்பதைப் பொறுத்தது. கொடுத்தாலும் வீக்கத்தை அடக்க ஸ்டீராய்டு சேர்த்து, நரம்பியல் மருத்துவர் கண்காணிப்பில்தான். வலிப்பு மாத்திரையை மட்டும் அவர் சொல்லாமல் நிறுத்த வேண்டாம். அப்புறம், வீட்டில் யாருக்காவது மலத்தில் வெள்ளைத் துண்டு தென்பட்டால் வெறுங்கையால் தொடாமல் குச்சியால் எடுத்து, மூடிபோட்ட டப்பாவில் லேபுக்குக் கொண்டு போங்கள்.