கயிற்றைப் பிடித்தவர்கள்

அன்புள்ள ஐயா,

நான் சிட்னிக்கு வந்து ஆறு வருடங்கள் ஆகின்றன. என் பத்து வயது மகளைப் பாண்டை கடற்கரையின் உயிர்காப்புக் கழகத்தில், ‘நிப்பர்ஸ்’ என்னும் சிறுவர் பிரிவில் சேர்த்திருக்கிறேன். ஞாயிறு காலையில் அவள் அலைக்குள் ஓடுவதை மணலில் நின்று பார்ப்பேன். எனக்கு நீச்சல் தெரியாது. கடல் பக்கம் போனாலே அம்மா அடிப்பார், அப்படி வளர்ந்தவன். 1907இல் தொடங்கிய தங்கள் கழகம்தான் உலகிலேயே முதலாவது என்கிறார்கள் பாண்டைக்காரர்கள். பக்கத்து பிரான்ட்டி கடற்கரைக்காரர்களோ தங்களுடையது 1903 என்கிறார்கள். எது சரி? சம்பளமே இல்லாமல் இத்தனை பேர் ஏன் இந்த வேலைக்கு வருகிறார்கள்?

எஸ்., சிட்னி

அன்புள்ள எஸ்.,

பாண்டை கழகம் தொடங்கிய நாள் 1907 பிப்ரவரி 21. பிரான்ட்டி 1903ஐ விட்டுக்கொடுக்காது. இரண்டு ஊருக்கும் அது மானப் பிரச்சினை, இருந்துவிட்டுப் போகட்டும். எனக்கு முக்கியமாகப் படுவது உங்கள் கழகத்தின் முழுப்பெயர்: ‘பாண்டை சர்ஃப் பேதர்ஸ் லைஃப் சேவிங் கிளப்’. அலையில் குளிப்பவர்களின் உயிர்காப்புக் கழகம். உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

அந்தக் காலத்தில் அங்கே பகலில் கடலில் குளிப்பதே சட்டப்படி குற்றம். 1902இல் சிட்னியின் இன்னொரு கடற்கரையான மேன்லியில் வில்லியம் கோச்சர் என்ற பத்திரிகைக்காரர், சட்டத்தை மீறப்போகிறேன் என்று தன் பத்திரிகையிலேயே அறிவித்துவிட்டு நண்பகலில் கடலில் இறங்கினார். அடுத்த வருடம் மேன்லியில் தடை போனது. பிறகு ஜனங்கள் கூட்டம் கூட்டமாக அலைக்கு வந்தார்கள். பெரும்பாலானவர்களுக்கு உங்களைப் போலவே நீச்சல் தெரியாது. காப்பாற்ற ஆள் யார்? குளிக்க வந்தவர்களில் நீந்தத் தெரிந்தவர்கள்தான். அரசாங்கம் அனுப்பிய காவலர்கள் அல்ல, பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்தவர்கள்.

1907 ஜனவரியில், கழகம் பிறப்பதற்கு ஏழு வாரம் முன்பு, ஒன்பது வயதுப் பையன் ஒருவனைப் பாண்டையில் அப்படித்தான் கரைசேர்த்தார்கள். அவன் பெயர் சார்லஸ் கிங்ஸ்ஃபோர்ட் ஸ்மித். 1928இல் முதன்முதலாக விமானத்தில் பசிபிக்கைக் கடந்த குழுவின் தலைவர் அவர்தான். 1935இல் பர்மா கரைக்கு அப்பால் விமானத்தோடு காணாமல் போனார். கடல் அவரை இருபத்தெட்டு வருடம் கழித்துத்தான் எடுத்துக்கொண்டது.

அப்புறம் ரீல் என்ற மீட்புக் கருவி. 1906 டிசம்பரில் பாண்டையில் முதன்முதலாகச் செய்து காட்டினார்கள். தாங்கியில் பொருத்திய பெரிய உருளை, அதில் சுற்றிய நீளமான கயிறு, கயிற்றின் நுனியில் ஒரு பெல்ட். லிஸ்டர் ஆர்ம்ஸ்பி என்பவர் நூல்கண்டுக் கட்டையையும் கொண்டை ஊசிகளையும் வைத்து அதன் மாதிரியைச் செய்தார் என்று சொல்வார்கள். இப்போது மீட்பு வேலைக்கு மோட்டார் படகுகள் வந்துவிட்டன, ரீல் போட்டிகளில் மட்டும் இருக்கிறது. அப்படி ஒரு போட்டியை நான் பார்த்திருக்கிறேன். பெல்ட் கட்டியவர் அலைக்குள் பாய்கிறார். அவருக்குப் பின்னால் இடுப்பளவுத் தண்ணீரில் வரிசையாக நிற்பவர்கள், கயிறு அலையில் சிக்காதபடி இரண்டு கைகளாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, கை மாற்றிக் கை மாற்றி விடுகிறார்கள். நனைந்த கயிறு அவர்கள் உள்ளங்கையை உரசிக்கொண்டு ஓடுகிறது. நீந்துகிறவர் கையைத் தூக்கியதும் எல்லோரும் இழுக்கிறார்கள். அன்று நான் நீந்தியவரைப் பார்க்கவே இல்லை, அந்தக் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

1938 பிப்ரவரி 6, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். பாண்டையில் மணல்திட்டின் மேல் நூற்றுக்கணக்கானவர்கள் நின்று குளித்துக்கொண்டிருந்தார்கள். பெரிய அலைகள் ஒன்றின் மேல் ஒன்றாக வந்து விழுந்தன. ஏறிய தண்ணீர் திரும்பி ஓடியபோது ஆட்களையும் ஆழத்துக்கு இழுத்துப் போய்விட்டது. கழகத்தின் நீச்சல் போட்டிக்காக உறுப்பினர்கள் நிறையப் பேர் கரையில் கூடியிருந்தது பெரிய அதிர்ஷ்டம். கிடைத்த ரீலையெல்லாம் எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். மூழ்குகிறவர்கள் பயத்தில் கயிற்றிலேயே கொத்துக்கொத்தாகத் தொங்கியதால் பெல்ட் கட்டியவர்கள் நகர முடியாமல் திணறினார்கள். மயங்கியவர்களை மணலில் குப்புறப் படுக்கவைத்து, முதுகை அழுத்தி மூச்சை வரவழைத்தார்கள். இழுத்துச் செல்லப்பட்டவர்கள் ஏறத்தாழ 250 பேர். இறந்தவர்கள் ஐந்து பேர். அந்த நாளை இன்றும் கறுப்பு ஞாயிறு என்றுதான் சொல்கிறார்கள்.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு ஆறவே இல்லை. இவ்வளவு செய்தவர்கள் பெண்களை முழு உறுப்பினராகச் சேர்க்க 1980 வரை எடுத்துக்கொண்டார்கள். மூழ்குகிறவர்களில் பெண்கள் உண்டு, நன்றாக நீந்தும் பெண்களும் உண்டு, ஆனாலும் சேர்க்கவில்லை. கழகம் தொடங்கிய வருடத்தில் பத்து வயதாக இருந்த ஒரு பெண் குழந்தை, அதில் முழு உறுப்பினராக எண்பத்து மூன்று வயது வரை காத்திருந்திருக்க வேண்டும். உங்கள் மகள் அலைக்குள் ஓடும்போது இது உங்கள் நினைவில் இருக்கட்டும்.

சரி, உங்களுக்கு ஒரு வார்த்தை. நீச்சல் வகுப்பில் சேருங்கள். நிப்பர்ஸ் குழந்தைகளின் அப்பா அம்மாக்கள் பலர் நடு வயதில் பயிற்சி எடுத்து ரோந்துக்கு வருகிறார்கள். ரோந்துக்குத் தகுதி தரும் வெண்கலப் பதக்கத் தேர்வு எழுத உங்கள் மகளுக்குப் பதினைந்து வயதாக வேண்டும். ஐந்து வருடம் இருக்கிறது, இரண்டு பேரும் சேர்ந்தே எழுதலாம்.

அன்புடன்.