சுருதி பதில்கள்: ஜப்பானின் முதல் சிம்பொனிக்காரர்

(ஸ்டூடியோக்களில் வயலின் வாசித்து ஓய்வுபெற்றவர் பதில் சொல்கிறார்)

கே: ஜப்பானில் முதன்முதலாகச் சிம்பொனி எழுதியவர் யார்? அதைச் சொல்லித்தர அங்கே பள்ளிக்கூடம் இருந்ததா?
– வாசகர், திருச்சி

ப: கோசாகு யமடா. 1886-ல் டோக்கியோவில் பிறந்தவர். பள்ளிக்கூடம் இருந்தது. ஆனால் டோக்கியோ இசைப்பள்ளியில் அன்றைக்கு இசையமைப்புக்கென்று துறை கிடையாது. மனுஷன் வாய்ப்பாட்டு மாணவராகச் சேர்ந்து 1908-ல் தேறினார். இசை எழுதப் படிக்க 1910-ல் பெர்லினுக்குக் கப்பலேற வேண்டியிருந்தது. அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியர்களில் ஒருவர் மாக்ஸ் புரூக். வயலின் படித்தவர்கள் எல்லோரும் அவருடைய ஜி மைனர் கான்செர்ட்டோவில் (இசைக்குழுவோடு தனி வயலின் வாசிக்கும் படைப்பு) கைவலிக்கப் பழகுவோமே, அதே புரூக்தான்!

1912-ல் முதலில் ஒரு ஓவர்ச்சர், அதாவது இசைக்குழுவுக்கான முன்னிசை, அப்புறம் ‘வெற்றி முழக்கமும் அமைதியும்’ என்ற நான்கு பகுதிச் சிம்பொனி. ஜப்பானியர் ஒருவர் எழுதிய முதல் சிம்பொனி அதுதான். டோக்கியோவில் அரங்கேற 1914 டிசம்பர் ஆகிவிட்டது. ஒளிக்காமல் சொல்கிறேன்: கண்ணை மூடிக்கொண்டு கேட்டால், கெட்டிக்கார ஜெர்மன் மாணவர் யாரோ எழுதியது என்றுதான் தோன்றும்.

கே: பெர்லினுக்குப் போய்ப் படிக்கும் அளவுக்கு வசதியான குடும்பமா?
– வாசகி, நாகர்கோவில்

ப: எங்கே! சின்ன வயதிலேயே அப்பா போய்விட்டார். பையன் கிறித்தவ விடுதி ஒன்றில் தங்கி, பகலில் அச்சக வேலை, இரவில் படிப்பு என்று வளர்ந்தான். பெரிய ஆட்கள் எட்டி உதைத்தால் வேலி ஓரம் ஓடிப்போய் அழுவானாம். எலுமிச்சை இனத்து முள்செடி வேலி, வெள்ளைப் பூ, வாயில் வைக்க முடியாத புளிப்பில் மஞ்சள் பழம். பசிக்கு அந்தப் பழத்தையும் தின்றிருக்கிறான். இதை அவரே எழுதியிருக்கிறார். கவிஞர் கிதாஹாரா ஹகுஷூ இதையே கவிதையாக்க, 1925-ல் யமடா அதற்கு மெட்டுப் போட்டார். ‘கரதாச்சி நோ ஹானா’, அதாவது அந்த முள்செடியின் பூ, என்ற அந்தப் பாட்டை ஜப்பானில் பாடாத பாடகர் கிடையாது.

கைதூக்கி விட்டவர்கள் இரண்டு பேர். அக்காளை மணந்த ஆங்கிலேயர் எட்வர்ட் கான்ட்லெட், ஆர்கன் வாசிப்பவர், மைத்துனனுக்கு இசையின் ஆனா ஆவன்னா சொல்லிக்கொடுத்தார். பெர்லின் செலவை ஏற்றவர் மிட்சுபிஷி குடும்பத்து இவாசாகி கோயாதா. அவரும் வயலினின் பெரிய அண்ணனான செல்லோ வாசிக்கிறவர். வாசிக்கத் தெரிந்த பணக்காரர் கிடைப்பது தனி யோகம்.

கே: இன்றைய என்.எச்.கே. சிம்பொனி இசைக்குழுவைத் தொடங்கியவர் யமடா என்கிறான் என் நண்பன். கொனோயே என்கிறேன் நான். பந்தயம் ஒரு பிரியாணி. தீர்ப்புச் சொல்லுங்கள்.
– வாசகர், ஆம்பூர்

ப: பிரியாணி உங்களுக்குத்தான். ஆனால் பாதியை நண்பருக்குக் கொடுத்துவிடுங்கள், அதுதான் நியாயம்.

பெர்லினிலிருந்து திரும்பிய யமடா, இவாசாகி பணத்தில் 1915-ல் ஒரு இசைக்குழு கட்டினார். மறு வருஷமே கலைந்தது. யமடாவின் காதல் விவகாரம் வெளியே வர, புரவலர் கையை விரித்துவிட்டார். சரி என்று அமெரிக்கா போனார். 1918, 1919-ல் நியூயார்க்கின் கார்னகி ஹாலில் தன் இசையைத் தானே நடத்திக் காட்டினார். ஊர் திரும்பியதும் ஓபெரா, அதாவது மேற்கத்திய இசை நாடகம், போடும் ஆசை பிடித்தது. அதற்குள் இளையவர் ஹிதெமாரோ கொனோயே வந்து சேர்ந்தார். பின்னால் பிரதமரான ஃபுமிமாரோ கொனோயேயின் தம்பி, பிரபு வீட்டுப் பிள்ளை. 1925-ல் மஞ்சூரியாவின் ஹார்பின் நகரிலிருந்து ரஷ்ய வாத்தியக்காரர்களை வரவழைத்து, ஜப்பானியர்களோடு சேர்த்து உட்காரவைத்துப் பெரிய கச்சேரிகள் நடத்தினார்கள். அடுத்த வருஷம் பணத் தகராறு. வாத்தியக்காரர்களில் பெரும்பாலோர் கொனோயே பின்னால் போய்விட்டார்கள். அந்தக் கூட்டம்தான் புதிய சிம்பொனி இசைக்குழு ஆகி, பிற்பாடு ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.யின் பெயரில் என்.எச்.கே. சிம்பொனி ஆனது. 1930-லேயே ஆஸ்திரிய இசையமைப்பாளர் மாலரின் நாலாவது சிம்பொனியை முழுசாக ரெக்கார்டு செய்தது அந்தக் குழு. உலகத்திலேயே அதற்கு முன் யாரும் செய்யவில்லை.

வாத்தியக்காரனைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. கால்ஷீட் முடிந்து பேட்டா வராத இரவுகளை நானும் பார்த்திருக்கிறேன். இசை எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் வீட்டுக்குப் போக பஸ் காசு வேண்டும்.

கே: டோக்கியோவில் படிக்கும் என் பேத்தி ‘அகா தோம்போ’ என்று ஒரு பாட்டுப் பாடுகிறாள். எனக்கு அது மோகனமாகவே கேட்கிறது. பிரமையா?
– வாசகி, மயிலாப்பூர்

ப: பிரமை இல்லை. அதுவும் யமடா மெட்டுதான். ஸ, ரி, க, ப, த. மத்யமமும் நிஷாதமும் கிடையாது. ஆனால் கமகம் இல்லை, ஸ்வரங்கள் குச்சி மாதிரி நேராக நிற்கும். அதனால் மோகனத்தின் ஸ்வரங்கள் என்போம், ராகம் என்று சொல்ல வேண்டாம். கீபோர்டு இருந்தால் மூன்று எண்ணிக்கையில் முதல் வரியை வாசித்துப் பாருங்கள்: கீழ் பஞ்சமத்தில் எடுத்து, ப ஸ ஸ ரி க ப, மேல் ஸ, த ப. அப்புறம் த ஸ ஸ ரி க. இந்தக் கடைசித் துண்டில்தான் ‘அகா தோம்போ’, அதாவது சிவப்புத் தட்டான், வருகிறது. ‘அ’ தைவதத்தில், ‘க’ தடாலென்று கீழ் ஷட்ஜத்தில். ஜப்பானிய மொழியில் சொல்லுக்குச் சொல் ஏற்ற இறக்கம் உண்டு, மெட்டு அதை மீறக் கூடாது என்பது யமடாவின் கொள்கை. இன்றைய டோக்கியோக்காரர்கள் இந்தச் சொல்லைத் தாழ்த்தித் தொடங்கி உயர்த்துவார்கள். யமடா பிடித்துவைத்தது பழைய டோக்கியோ உச்சரிப்பு.

பாட்டை எழுதியவர் மிகி ரோஃபூ. தன்னை முதுகில் சுமந்த தாதிப் பெண் பதினைந்து வயதில் கல்யாணமாகிப் போன கதை. யமடா மெட்டமைத்தது 1927 ஜனவரியில். தேதியைக் கவனியுங்கள். இசைக்குழு கைவிட்டுப் போய், சிகாசாகி கடற்கரை ஊரில் ஒதுங்கியிருந்த நேரம். அறுபது எழுபது பேரை வைத்து எழுதிய எதையும்விட இந்தச் சின்ன மெட்டு ஒசத்தி என்பது என் கட்சி.

கே: ‘அகா தோம்போ’ மெட்டு ஜெர்மன் இசையமைப்பாளர் ஷூமனிடமிருந்து அடித்தது என்கிறார்களே?
– வாசகர், கோவை

ப: ஷூமனின் ஓபஸ் 134 (படைப்பு எண் 134) பியானோ படைப்பில் இதே சாயலில் ஒரு துண்டு திரும்பத் திரும்ப வரும். ஐந்தே ஸ்வரத்தில் நடமாடினால் யாரையாவது இடித்துக்கொள்ளத்தான் வேண்டும். எனக்கு உறுத்தவில்லை.

கே: இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் யமடா அரசாங்கத்துக்கு ஜால்ரா போட்டாராமே?
– வாசகர், மதுரை

ப: போட்டார், அதுவும் பலமாக. ராணுவ உடுப்பு மாட்டிக்கொண்டார், போர்ப் பாட்டுகள் எழுதினார், அரசு சார்ந்த இசைச் சங்கத்துக்குத் தலைவராகவும் இருந்தார். போர் முடிந்த 1945-லேயே விமர்சகர் யமானே கின்ஜி பத்திரிகையில் அவரைப் பிடித்து உலுக்கினார். ‘நீயும் அதே சங்கத்தில் இருந்தவன்தானே’ என்ற ரீதியில் யமடா திருப்பிக் கொடுத்தார். அது உண்மைதான். ஆனாலும் அதைப் பதில் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த மே மாதக் குண்டுவீச்சில் அவருடைய கையெழுத்துப் பிரதிகள் பெருமளவு எரிந்து போயிருந்தன. 1948-ல் பக்கவாதம். 1956-ல் அரசு கலாசார விருது தந்தது. 1965 டிசம்பரில் காலமானார்.

கே: எதிலிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?
– வாசகி, ஈரோடு

ப: சிம்பொனிக்கு, தகுவோ யுவாசா நடத்தி நாக்ஸோஸ் என்ற இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்ட பதிவு இருக்கிறது. அதில் 1913-ல் எழுதிய ‘இருண்ட கதவு’ என்ற இசைக்குழுப் படைப்பும் உண்டு. சிம்பொனியை விட்டாலும் அதை விடாதீர்கள். பாட்டு என்றால் ‘கரதாச்சி நோ ஹானா’. மூன்று எண்ணிக்கையும் இரண்டு எண்ணிக்கையும் மாறி மாறி வரும். வீட்டில் மிருதங்கம் படிக்கிறவர் யாராவது இருந்தால் பக்கத்தில் உட்காரவைத்துத் தாளம் போடச் சொல்லுங்கள். எத்தனையாவது வரியில் கை தடுமாறியது என்று எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.