பொதுவான டிஜிட்டல் வளக் களஞ்சியத்தைப் பயன்படுத்த விரிவுரையாளர்களை எப்படிப் பழக்குவது?

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வந்தாறுமூலை வளாகத்துக்குக் கேட்டிருக்கிறீர்கள். மண்டபத்தில் எல்லோரையும் இருத்தி ஸ்லைட் காட்டவேண்டாம். ஒரு துறையில் ஐந்தாறு பேர், அவரவர் மடிக்கணினி, அவரவர் பாடக்குறிப்பு. அன்றைக்கே அதைக் களஞ்சியத்தில் ஏற்றட்டும்.

ஏற்றுவது சுலபம். விவரம் எழுதுவதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். 'லெக்சர்3_ஃபைனல்_புதுசு' என்று பெயர் வைத்த கோப்பை வேறு யார் தேடி எடுப்பார்? பாடம், தலைப்பு, ஆண்டு, மொழி நான்கையும் நிரப்ப வையுங்கள். தமிழ்த் தலைப்பைக் கட்டாயம் யூனிகோடில், அதாவது எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டில், அடிக்கச் சொல்லுங்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தால் திரையில் தமிழாகத் தெரியும், ஆனால் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துக்கள், தேடலில் அகப்படாது.

அப்புறம் உரிமை. பாடநூல் பக்கங்களை ஸ்கேன் செய்து போடக்கூடாது. சொந்தக் குறிப்புக்கு, ஆக்கங்களைப் பகிர்வதற்கான பொது உரிமங்களை வெளியிடும் கிரியேட்டிவ் காமன்ஸின் 'சிசி பை' (CC BY) உரிமம் கொடுத்தால், ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிப்பிப்பவரும் உங்கள் பெயரைக் குறிப்பிட்டுத் திருத்திப் பயன்படுத்தலாம்.