மான் இறைச்சியோடு பரிமாறும் பிரெஞ்சு 'கிரான் வெனர்' சாஸுக்கு அந்தப் பெயர் ஏன்? வீட்டில் செய்ய முடியுமா?

செய்யலாம், அரைநாள் பிடிக்கும். முதலில் பெயர்.

கிரான் வெனர் என்பது பிரெஞ்சு அரசவையில் வேட்டைத் தலைவரின் பதவி. வேட்டை இறைச்சிக்கான சாஸ் என்பதால் அதற்கும் இந்தப் பெயர். அரசரின் வேட்டை நாய்கள், குதிரைகள், கொம்பூதிகள், விடியுமுன் காட்டுக்குள் போய் மானின் தடம் பார்த்துவரும் ஆட்கள் எல்லாம் அவர் பொறுப்பு. பதவி பெரிய பிரபுக்களுக்குத்தான் போகும்: 1714இல் அதை ஏற்ற துலூஸ் பிரபு, பதினான்காம் லூயியின் மகன். பிரெஞ்சுப் புரட்சியோடு ஒழிந்த பதவியை நெப்போலியன் 1804இல் மீண்டும் உண்டாக்கித் தளபதி பெர்த்தியேவுக்குக் கொடுத்தார்.

பிரான்சின் ஃபோந்தேன்புளோ காட்டில் இதே பெயரில் ஒரு பேயும் உண்டு. அரசர் நான்காம் ஹென்றி அங்கே வேட்டையாடும்போது தொலைவில் கேட்ட கொம்பொலியும் நாய்க் குரைப்பும் சட்டென்று பக்கத்தில் வந்தனவாம். புதருக்குள் நெடிய கரிய உருவம் ஒன்று கத்திவிட்டு மறைந்ததாம். 'கேட்கிறதா?' என்றது என்பார் சிலர், 'திருந்து' என்றது என்பார் சிலர். அங்குள்ள சாலைச் சந்திப்பு ஒன்று இன்றும் அந்தப் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இனி சாஸ். ஆறு பேருக்கு ஒரு கிலோ மான் எலும்பும் கழித்த துண்டுகளும் வேண்டும். முந்தின இரவே 750 மி.லி. சிவப்பு ஒயினில் ஒரு கேரட், ஒரு வெங்காயம், தைம், பிரிஞ்சி இலையோடு ஊறவையுங்கள். மறுநாள் வடித்து, ஒயினைத் தனியே கொதிக்கவிட்டு நுரையை எடுத்துவிட வேண்டும். பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். ஒயினில் இறங்கிய இரத்தம் திரிந்து சாஸ் கலங்கிப்போகும்.

எலும்பை ஈரம் போகத் துடைத்து 220 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஓவனில் நல்ல பழுப்பாக வறுங்கள். ஓரம் கருகினால் அந்தத் துண்டைத் தூக்கி எறியுங்கள், கசப்பைப் பிறகு எதாலும் மறைக்க முடியாது. ஊறிய காய்களை எண்ணெயில் வதக்கி, 100 மி.லி. ஒயின் வினிகர் ஊற்றி முழுதும் வற்றவிடுங்கள். பிறகு எலும்பு, ஒயின். ஒயின் பாதியானதும் ஒரு லிட்டர் உப்பில்லாத எலும்புச் சாறு சேர்த்து இரண்டு மணி நேரம் சிறுதீயில் வையுங்கள். பத்துப் பன்னிரண்டு மிளகை ஒன்றிரண்டாகத் தட்டி, வடிகட்டுவதற்குப் பத்து நிமிடம் முன்புதான் போட வேண்டும். தொடக்கத்திலேயே போட்டால் மணம் போய்க் காரமும் கசப்புமே மிஞ்சும்.

வடித்ததை 300 மி.லி. ஆகும்வரை வற்றவிடுங்கள். ஒன்றரை மேசைக்கரண்டி ரெட்கரண்ட் (சிறிய புளிப்புச் சிவப்புப் பழம்) ஜெல்லியைக் கரைத்து, 100 மி.லி. கிரீம் ஊற்றி, உப்பைக் கடைசியில் பாருங்கள். முன்பே போட்டால் வற்றும்போது கரிக்கும். கிரீமில் கொழுப்பு 30 சதவீதமாவது இருக்கட்டும், குறைந்தால் புளிப்பில் திரியும். பழைய முறையில் முயல் இரத்தம் சேர்ப்பார்கள். சேர்த்தபின் கொதிக்கவிட்டால் கட்டிதட்டிவிடும்.

இந்தியாவில் மானை வேட்டையாடுவதும் அதன் இறைச்சியை விற்பதும் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆட்டெலும்பில் செய்யலாம், ஆனால் கவுச்சி ஜெல்லியோடு ஒட்டாது. அதைவிட எளிய வேட்டைக்காரரின் 'ஷஸ்ஸேர்' சாஸ் நமக்குத் தோது. கோழியைப் பொரித்து எடுத்த சட்டியிலேயே 150 கிராம் காளானை அதிகத் தீயில், கிளறாமல் நிறம் பிடிக்கவிடுங்கள். சட்டியில் நெருக்கினால் நீர்விட்டு வெந்துவிடும். பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம் இரண்டு, 150 மி.லி. வெள்ளை ஒயின். அது பாதியானதும் 250 மி.லி. கோழிச் சாறும் இரண்டு தக்காளியும் சேர்த்து, கோழியை மீண்டும் போட்டு இருபது நிமிடம் மூடிவையுங்கள். டாரகன் இலையை இறக்கும்போது தூவுங்கள். அது கிடைக்காவிட்டால் பார்ஸ்லி போதும், கொத்தமல்லி வேண்டாம்.